ஃபிளாட்பெட் (மேல மூடாத தட்டை ட்ரெயிலர்) ஓடப்போற தம்பிமாருக்கு

பெரிய ட்ரக் ஓடுற ஏசெட் (AZ) லைசென்ஸ் எடுத்த கையோட, எந்தக் கம்பனி மைலுக்குக் கூடக் காசு தருதெண்டு மட்டும் பாத்துப் போய்ச் சேராதேங்கோ. ஒன்ராறியோவில கட்டாயமாப் படிக்கிற அந்த 103.5 மணித்தியாலத்தில ஹமில்டன் இரும்புக் கொயிலுக்கு (சுருட்டின இரும்புத் தகடு) சங்கிலி போடுறது கைக்கு வராது, அதைப் பழைய ட்ரைவர் ஒராள் பக்கத்தில நிண்டு காட்டவேணும், அதால எத்தினை கிழமை ட்ரெயினிங், அந்த நாளுக்கும் சம்பளம் இருக்கோ எண்டு முதல்ல கேளுங்கோ.

பிறகு ரார்ப், லோட்டை மூடிக் கட்டுற தடிச்ச படங்கு. மரப்பலகை லோட்டுக்குப் போடுற ரார்ப் ஒண்டு கிட்டத்தட்ட 100 இறாத்தல், குளிருக்க தகரம் மாதிரி விறைச்சுப்போய் மடங்கவே மடங்காது, விரலெல்லாம் வெடிச்சு ரத்தம் வரும். அதுக்குத் தனிக்காசு தராத கம்பனி ஒண்டில நான் ஒரு வின்ரர் முழுக்க ஓடினனான், இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது. சங்கிலி, பெல்ட் தேஞ்சா ஆர் மாத்தித் தாறதெண்டும் கேளுங்கோ.

வெளிக்கிட்டு 80 கிலோமீட்டருக்குள்ள நிப்பாட்டி, லோட்டைக் கட்டின சங்கிலி, பெல்ட்டை இறுக்கிப் பாக்கவேணும், அது சட்டம். அதுக்கு நிண்டாலே ஏன் லேட் எண்டு ஃபோன் அடிக்கிற இடம் வேண்டாம். உங்கட பேரில தனிக் கம்பனி பதிஞ்சுகொண்டு வா எண்டு சொன்னாலும் கையெழுத்து வைக்காதேங்கோ, லீவுக் காசும் இல்லை, வேலை போனா ஈஐயும் (வேலையில்லாதவைக்குக் குடுக்கிற காப்புறுதிக் காசு) இல்லை.