உறவுமுறை என்ற கட்டம்

படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தோளையும் இடுப்பையும் பிடித்துத் தன் பக்கம் சாய்த்துக்கொள்வார். மற்றவர் முதுகைத் துடைத்து, எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்த்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைப்பார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இதைச் செய்யாவிட்டால் புண் வந்துவிடும். இனி குணமாகாது என்றானவர்களின் வார்டில் ஒன்பது வருடம் இரவு டியூட்டி பார்த்தேன். பெரும்பாலான இரவுகளில் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றவர், நான் அக்கா என்று கூப்பிடும் சக நர்ஸ். என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர்.

ஆஸ்பத்திரியில் எங்கள் எல்லோருக்கும் ஒரே பெயர்தான், சிஸ்டர். துறவற சபைகளிலிருந்து வந்த சொல் அது. 1633-இல் வின்சென்ட் தே பவுலும் லூயிஸ் தெ மரியாக்கும் தொடங்கிய சபையின் சகோதரிகள் ஏழை நோயாளிகளைத் தேடிப் போய்க் கவனித்தார்கள். நாங்கள் ஆராதனைக்குப் போகும் இடத்திலும் அதே சொல்தான். நாளெல்லாம் காதில் விழுந்து விழுந்து, அதற்கு உடன்பிறந்தவள் என்று பொருள் இருப்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

ஒரு நாள் வலிக்கு மார்ஃபின் கொடுத்த நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதாமல் விட்டுவிட்டேன். அடுத்து வருபவர் பார்த்துவிட்டு இன்னொரு முறை கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தவறு என்னுடையதுதான். ஆனால் அக்கா நோயாளியின் மகள் எதிரிலேயே என்னைக் கடிந்துகொண்டது சுருக்கென்று தைத்தது. மூன்று இரவுகள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. புரட்டும்போது மட்டும் "ஒண்ணு, ரெண்டு, மூணு". மனஸ்தாபம் எவ்வளவு இருந்தாலும் கட்டிலில் கிடப்பவரைப் புரட்ட நான்கு கைகள் வேண்டுமே.

நான்காம் இரவு. டியூட்டி தொடங்கும் முன் இரண்டு நிமிடம் எல்லோரும் சேர்ந்து ஜெபிப்பது எங்கள் வழக்கம். அன்று ஜெபிக்க வேண்டியவர் அக்கா. எல்லோரும் கண்ணை மூடிய பிறகும் சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தால், என் முன்னால் வந்து நிற்கிறார். "உனக்கு என்மேல வருத்தம் இருக்கு. அதை வச்சுக்கிட்டு என்னால ஜெபிக்க முடியல. தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்கோ" என்றார். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதை நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். ஒருவர் அப்படியே செய்ததை நான் பார்த்தது அன்றுதான்.

என் சொந்தத்தில் பேச்சு நின்றால் நின்றதுதான். யார் முதலில் இறங்கி வருவது என்பதிலேயே வருடங்கள் போய்விடும். அக்கா நாலாவது நாள் வந்துவிட்டார். ஒரே விசுவாசம் இருந்தால் ஒருவரையொருவர் தானாகப் பிடித்துப் போகும் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை. பிடிக்காமல் போன நேரத்திலும் விட்டுவிட்டுப் போக முடியாதபடி எங்களுக்குள் ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த வருடம் எனக்கே ஒரு அறுவை சிகிச்சை. அப்பா அம்மா இல்லை. இருக்கும் ஒரே அண்ணனால் வர முடியவில்லை. சம்மதப் படிவத்தில் ‘உறவுமுறை’ என்ற கட்டம் காலியாக இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "சொந்தக்காரங்க யாரும் வரலையா?" என்றார். அக்கா என் கையிலிருந்து பேனாவை வாங்கி, ‘சகோதரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரவு டியூட்டி முடித்து நேராக வந்திருந்தார், சீருடையைக்கூட மாற்றவில்லை. மயக்கம் தெளிந்தபோது வாய் வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஈரத் துணியால் என் உதட்டைத் துடைத்தார்கள். முதலில் ஓரங்கள், அப்புறம் நடு. கண்ணைத் திறக்காமலே தெரிந்துவிட்டது, அக்கா துடைக்கும் விதம் அது.

பைபிளில், ரோமாபுரியில் இருந்த விசுவாசிகளுக்கு எழுதிய நிருபத்தின், அதாவது கடிதத்தின், கடைசி அதிகாரத்தில், ரூப் என்பவனுடைய தாயையும் வாழ்த்தச் சொல்கிறார் அப்போஸ்தலர் பவுல். ‘எனக்கும் தாயாகிய’ என்று ஒரு வார்த்தை சேர்க்கிறார். அந்தத் தாய் அவருக்கு என்ன செய்தார் என்று எழுதவில்லை. முன்பெல்லாம் வெறும் பெயர்ப் பட்டியல் என்று அந்த அதிகாரத்தைத் தள்ளிக்கொண்டு போவேன். இப்போது அந்த வரிக்கு வந்ததும் சற்று நின்றுவிடுகிறேன்.

அக்கா பணி ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. படிவத்தை நான்தான் நிரப்பினேன். அந்தக் கட்டத்தில் ‘தங்கை’ என்று எழுதினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.