சாய்ஸ் லிஸ்ட்டைப் பயந்து பயந்து போடாதீர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றே ஆரம்பித்துவிடுகிறது. "கட் ஆஃப் 178 வருது, எந்த காலேஜ் கிடைக்கும்?" சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்றே தெரியாத ஒருவர், எல்லோருக்கும் இதே கேள்விதான். ரேங்க் லிஸ்ட் வரட்டும், அப்புறம் பேசலாம் என்றால் முகம் சுருங்கிவிடுகிறது.

ஆனால் விஷயம் அதுதான். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் கட் ஆஃப் என்பது கணக்குக்கு 100, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணைப் பாதியாக்கி 50, 50, ஆக மொத்தம் 200. கணக்கு வினாத்தாள் ஒரு வருடம் சுலபமாக வந்துவிட்டால் கூட்டமே மேலே ஏறிவிடும். போன வருடம் 178-க்குக் கிடைத்த சீட் இந்த வருடம் 182-க்குக்கூட கிடைக்காமல் போகலாம். ரேங்க் அந்த அளவுக்கு ஏமாற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் யாருக்கு எந்த காலேஜ், எந்தப் பிரிவு கிடைத்தது என்கிற பழைய பட்டியலில் ரேங்க்கும் இருக்கும், அதை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். பொது ரேங்க், கம்யூனிட்டி ரேங்க் இரண்டையும் பார்க்க வேண்டும். அப்போதும் அச்சு அசலாக அப்படியே நடக்காது, ஏனென்றால் 2024-25-இல் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏஐசிடிஇ இடங்களுக்கான உச்சவரம்பை எடுத்த பிறகு பல கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் கூடியிருக்கிறது.

சரி, லிஸ்ட்டுக்கு வருவோம், அதாவது எந்த காலேஜ், எந்தப் பிரிவு வேண்டும் என்று விருப்ப வரிசையில் நாம் போட்டுக் கொடுக்கிற சாய்ஸ் லிஸ்ட். நான் பார்க்கிற பாதி வீடுகளில் லிஸ்ட் போடுவது பிள்ளையின் ஆசை இல்லை, அப்பாவின் பயம். "அது நமக்கெங்கே கிடைக்கப் போகுது, மேலே போட்டா சாய்ஸ் வேஸ்ட்" என்று நல்ல காலேஜைத் தூக்கிவிட்டு, கிடைக்கும் என்று தோன்றுவதை முதலில் வைத்துவிடுகிறார்கள்.

வேஸ்ட் என்று ஒன்று இதில் கிடையவே கிடையாது. கம்ப்யூட்டர் ஒரு சுற்றில் இருப்பவர்களை ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுக்கிறது. உங்கள் பெண்ணின் முறை வரும்போது அவளுடைய முதல் வரியில் சீட் இருக்கிறதா என்று பார்க்கும், பொது ஒதுக்கீட்டிலும் இல்லை, உங்கள் கம்யூனிட்டி ஒதுக்கீட்டிலும் இல்லை என்றால் இரண்டாவது வரி, அப்புறம் மூன்றாவது. நாற்பதாவது வரியில்தான் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருந்த 39-ஐக் கேட்டதால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அந்த நாற்பதாவது சீட்டை, அதே கம்யூனிட்டியில் அவளுக்குப் பின்னால் இருக்கும் ரேங்க்காரர் தன் முதல் சாய்ஸாகவே போட்டிருந்தாலும் அது அவளுக்குத்தான் போகும். எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம் என்பதால், உண்மையில் ஆபத்து சின்ன லிஸ்ட்டில்தான் இருக்கிறது. பத்தே பத்து போட்டு, பத்தும் போய்விட்டால் அந்தச் சுற்றில் ஒன்றும் கிடைக்காது, மிச்சம் மீதியோடு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

வரிசை ஏன் முக்கியம் என்பது தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு புரியும். கிடைத்ததை ஏற்று, மேலே ஏதாவது காலியானால் அதற்குப் போகிறேன் என்று 'அக்செப்ட் அண்ட் அப்வர்ட்' கொடுத்தால், மேலே உள்ள ஒன்று காலியானதும் அங்கே மாற்றிவிடுவார்கள். பழைய சீட் கையை விட்டுப் போய்விடும், "ஐயோ, அது வேண்டாம், இதுவே இருக்கட்டும்" என்று திரும்ப முடியாது. அதனால் லிஸ்ட்டில் ஒவ்வொரு வரியையும் அதற்கு அடுத்த வரியோடு வைத்துக் கேளுங்கள்: இரண்டும் கையில் இருந்தால் எதற்குப் போவாய்? பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும். கம்ப்யூட்டரா மெக்கானிக்கலா என்பது தனிப் பஞ்சாயத்து, அதை லிஸ்ட் போடுகிற இரவில் ஆரம்பிக்காதீர்கள்.

பெயரைப் பார்த்து டிக் பண்ணாமல் குறியீட்டை, அதாவது 'கோடு' (code) என்பதைப் பாருங்கள். ஒரே மாதிரி பெயரில் நாலு காலேஜ் இருக்கும். ஒரே காலேஜிலேயே அரசு உதவி பெறும் பிரிவுக்கு ஒரு கோடு, சுயநிதிப் பிரிவுக்கு வேறு கோடு, படிப்பின் பெயர் ஒன்றுதான், கட்டணம்தான் எங்கேயோ போகும். அப்புறம் தரச் சான்றுகளில் நாக் என்பது மொத்தக் கல்லூரிக்கும் தருவது, என்பிஏ என்பது ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தருவது. "எங்கள் காலேஜ் என்பிஏ" என்று போர்டில் போட்டிருந்தால், எந்தப் பிரிவுக்கு என்று கேளுங்கள்.

பிரவுசிங் சென்டரில் பதிவு செய்தால் மொபைல் நம்பரும் மெயிலும் உங்களுடையதாக இருக்கட்டும், சென்டர்காரருடையதைப் போட்டுவிட்டு ஓடிபிக்காக அவர் கடை திறக்கும் வரை வாசலில் நிற்கிறவர்கள் வருடா வருடம் உண்டு. "பாஸ்வேர்டு கொடுங்க சார், நானே ஃபில் பண்ணித் தர்றேன்" என்று வருகிற ஏஜென்ட் உங்கள் பிள்ளைக்காகவா ஃபில் பண்ணுவார்?

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு, கட்டணமும் அரசே கட்டுகிறது. அவர்கள் பொதுக் கலந்தாய்விலும் கலந்துகொள்ளலாம், ஒன்றை விட்டுவிட வேண்டாம். மற்ற வீடுகளில், குடும்பத்தில் முதன்முதலாக டிகிரி படிக்கப் போகிறவர் என்றால், முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவையில் இப்போதே விண்ணப்பியுங்கள், கலந்தாய்வு நெருங்கினால் அங்கே கூட்டம் தாங்காது. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே டிகிரி முடித்திருந்தால் கிடைக்காது, அலைய வேண்டாம்.