தம்பியின் தூக்க நோட்டு

மூன்று இரவாகத் தம்பி தூங்கவில்லை என்பது நான்காம் நாள் விடிகாலையில்தான் எனக்கு உறைத்தது. வியாசர்பாடியில் எங்கள் வீடு ஒரு ஹாலும் சமையலறையும்தான். அவன் ஏசி மெக்கானிக். வெயில் காலத்தில் நேரங்கெட்ட நேரத்தில் வருவான், போவான் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. அன்று எழுந்து பார்த்தால் ஹால் முழுக்கப் பழைய கம்ப்ரசர்களைப் பிரித்துப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தான். "அக்கா, மவுண்ட் ரோட்டுல ஷோரூம் போடப் போறேன், அட்வான்ஸ் குடுத்தாச்சு" என்றான். வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளியே இல்லை. அம்மாவின் இரண்டு வளையலும் அடகுக் கடைக்குப் போயிருந்தது பிறகுதான் தெரிந்தது.

அதற்கு ஆறு மாதம் முன்னால் அவன் நேர் எதிராக இருந்தான். குளிக்க மாட்டான், போனை எடுக்க மாட்டான். ஒரு கிளினிக்கில் காட்டினோம். மனச்சோர்வு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். "இதற்கு முன்னால் எப்போதாவது தூக்கமே வேண்டாமல், அளவுக்கு மீறின உற்சாகத்தோடு இருந்திருக்கிறாரா" என்று ஒரே ஒரு கேள்வி அன்று கேட்டிருந்தால், அவனுடைய இருபத்திரண்டு வயசில் நடந்ததைச் சொல்லியிருப்பேன். நாங்கள் அதைத் திமிர் என்று நினைத்துத் திட்டித் தீர்த்திருந்தோம். தம்பிக்கு இருந்தது பைபோலார், அதாவது அளவுமீறின உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வருகிற நோய். அது உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் மனநிலை மறுகோடிக்குத் தாவிவிடக்கூடும் என்பதை மிகவும் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். வீட்டில் யாரையாவது மனச்சோர்வுக்குக் காட்டப் போகிறீர்கள் என்றால், மருத்துவர் கேட்காவிட்டாலும் பழைய உற்சாகக் கதையை நீங்களே சொல்லிவிடுங்கள்.

"கீழ்ப்பாக்கம்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதடி" என்று அம்மா அழுதாள். 1794-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை அது. இத்தனை தலைமுறையைப் பார்த்த இடத்தின் பேரையே இந்த ஊர் வசவுச் சொல்லாக்கி வைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நானும் அதைச் சொல்லி ஒரு பெண்ணைக் கேலி செய்திருக்கிறேன். ஆட்டோ அயனாவரம் தாண்டும்போது அந்தப் பெண்ணின் முகம்தான் ஞாபகத்தில் இருந்தது.

தம்பி சேர மாட்டேன் என்றான். அப்போதுதான் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது. தானே முடிவெடுக்க முடியாத நிலையில் ஒருவர் இருந்தால், அவருடைய பிரதிநிதி எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக அவரைப் பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் முதலில் 30 நாள்தான். அவன் பிரதிநிதி யாரையும் முன்பே நியமித்திருக்கவில்லை. கூட இருந்து பார்த்துக்கொள்ளும் உறவு என்ற முறையில் நான் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கியது. "ஆயுசுக்கும் உள்ள வெச்சிருவாங்களா?" என்று கேட்டேன். "தெளிவானதும் அவரே முடிவெடுப்பாரும்மா" என்றார் வார்டு சிஸ்டர்.

அந்த சிஸ்டரைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும். தம்பி உட்கார்ந்து சாப்பிடவே மாட்டான், இரண்டு கவளத்தில் எழுந்துவிடுவான். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன். அவர் தட்டை வாங்கி வைத்துவிட்டு இரண்டு இட்லியையும் ஒரு வாழைப்பழத்தையும் அவன் கையில் கொடுத்தார். நடந்துகொண்டே தின்றான். ஒவ்வொரு சுற்று முடிந்து வரும்போதும் ஒரு டம்ளர் தண்ணீர். ஷோரூம் கதையை அவன் எடுத்தால் நான் "பொய் சொல்லாதடா" என்று மல்லுக்கு நிற்பேன். அவர் வாதாடவும் மாட்டார், ஆமாம் போடவும் மாட்டார். "சரி தம்பி, இப்போ முகம் கழுவிட்டு வா" என்று சின்ன வாக்கியமாக, தணிந்த குரலில் ஒன்றே ஒன்று சொல்வார். அவன் வேடிக்கையாகப் பேசும்போது சுற்றியிருந்தவர்கள் சிரிப்பார்கள், அவன் இன்னும் ஏறுவான். அவர் சிரிக்க மாட்டார். ராத்திரி எட்டு மணிக்கு மேல் சத்தம், வெளிச்சம், டீ மூன்றையும் குறைத்துவிடுவார். ஐந்தாம் நாள் அவன் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினான். அதை அவர் என்னிடம் வந்து சொன்ன விதம், பிள்ளை பிறந்த செய்தி சொல்வதுபோல் இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னார். தினமும் மூன்றே விஷயம்: எத்தனை மணிக்குப் படுத்தான், எத்தனை மணிக்கு எழுந்தான், மாத்திரை போட்டானா. "கோபம், சந்தோஷம் எல்லாம் எழுத வேணாம். தூக்கம் குறையறதுதான் முதல்ல காட்டிக் குடுக்கும்" என்றார்.

லித்தியம் மாத்திரையோடு வந்தோம். ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் மேனியாவுக்கு, அதாவது அந்த அளவுமீறின உற்சாக நிலைக்கு, கொடுத்துப் பார்த்து 1949-ல் எழுதிய அதே லித்தியம்தான். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே இடைவெளி குறைவு. அதனால் ரத்தத்தில் அளவு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்குப் பொதுவாக லிட்டருக்கு 0.6-லிருந்து 1.0 மில்லிமோலுக்குள் வைப்பார்கள். தம்பிக்கு 0.8 இருந்தது. கூடவே தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனையும் உண்டு.

மறு வருடம் மே மாதம் நடந்தது இது. மொட்டை மாடிகளில் அவுட்டோர் யூனிட் மாட்டுகிற வேலை. சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். இடுப்புப் பிடிப்பு என்று மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கி நாலு நாள் போட்டிருக்கிறான். ஐந்தாம் நாள் வாந்தி, வயிற்றுப்போக்கு. ரோட்டுக் கடையில் தின்றது சேரவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்தேன். சாயங்காலம் டம்ளரைப் பிடித்த கை வெடவெடவென்று ஆடியது. பேச்சு குழறியது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிஸ்டர் எழுதச் சொன்ன வரி அப்போதுதான் கண்ணில் பட்டது: கை ஆட்டம், வாந்தி, குழறல் சேர்ந்து வந்தால் அடுத்த மாத்திரை கொடுக்காதே, உடனே கூட்டிக்கொண்டு வா. அளவு 1.7-க்குப் போயிருந்தது. சலைன் ஏற்றினார்கள், இரண்டு நாளில் இறங்கியது. வியர்த்து உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தாலே லித்தியம் ஏறும். அதன் மேல் அந்த வலி மாத்திரையும் சேர்ந்துவிட்டது. "லித்தியம் சாப்பிடுகிறேன்" என்று ஒரு சீட்டு எழுதி அவன் பர்ஸில் வைத்தோம். உப்பைத் திடீரென்று குறைக்கிற பத்தியமும் இனி கிடையாது.

அந்த வருடக் கார்த்திகையில் மறுபடி மனச்சோர்வுக்குள் இறங்கினான். இந்தப் பக்கம்தான் எனக்குப் பயம் அதிகம். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கச் சொன்னார்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தது ஆகாது என்றும் சொன்னார்கள். இரண்டு நாள் வாய் வரவில்லை. மூன்றாம் நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டேன். "சில நேரம் தோணுதுக்கா" என்றான். அழுதான், நானும் அழுதேன், பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து கஞ்சி குடித்தோம். மாத்திரை முழுவதும் அம்மாவின் பீரோவுக்குள் போயிற்று. ஒரு நாளைக்கு ஒரு நாள் அளவுதான் வெளியே வரும். 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், அவன் போனிலும் என் போனிலும் முதல் எண்ணாக ஏறியது. கொஞ்சம் தெம்பு திரும்பும் வாரங்களில்தான் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும் என்றார்கள். அந்த நாள்களில் நான் வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிடுவேன்.

நன்றாக இருக்கும்போது தனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும், பிரதிநிதியைத் தானே நியமிக்கவும் அதே சட்டத்தில் இடமிருக்கிறது. தம்பி எழுதினான். "என் அக்கா சொன்னால் வருவேன். மாமாவை அனுப்ப வேண்டாம், அவர் அடிப்பார். ஏடிஎம் கார்டை அக்கா எடுத்துக்கொள்ளலாம். என்னிடம் மறைக்காமல் எடுக்க வேண்டும்." கடைசி வாக்கியத்தைப் படித்தபோது, முதல் தடவை அவன் தூங்கும் நேரத்தில் பர்ஸைத் துழாவியது ஞாபகம் வந்தது. மன்னிப்புக் கேட்டேன். "விடுக்கா" என்றான்.

இப்போது நோட்டை அவனே எழுதுகிறான். ஐந்தாவது நோட்டு. போன செவ்வாய்க்கிழமை காலை பார்த்தேன். முந்தின ராத்திரிக்கு "மூணரை மணி நேரம்" என்று இருந்தது, அதற்கு முந்தின நாள் "நாலு." அடியில் கோடு போட்டிருந்தான். நான் எதுவும் கேட்பதற்கு முன்னால் முதலாளிக்குப் போன் போட்டு லீவு சொன்னான். நான் ஓபி சீட்டைத் தேடி எடுத்தேன். அவன் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு, ஏடிஎம் கார்டை என் பையில் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.