27 நாளா, 29.5 நாளா?

நிலவின் நடுக்கங்களைப் பார்ப்பதுதான் என் வேலை என்றால், கேட்பவர்கள் உடனே ஒரு தொலைநோக்கியைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். நான் தொலைநோக்கியில் கண் வைத்ததே இல்லை. பார்த்ததெல்லாம் நெளிகோடுகள், அதுவும் நான் பிறப்பதற்கு முன்பே பதிவானவை. அப்பல்லோ 12, 14, 15, 16 பயணங்களில் வைத்துவிட்டு வந்த அதிர்வுமானிகள் 1977 செப்டம்பர் வரை அனுப்பிக்கொண்டிருந்தவை அவை. அந்த மாதக் கடைசியில் கருவிகளை அணைத்துவிட்டார்கள்.

பூமியின் நிலநடுக்கப் பதிவுகளில் பழகிய கண்ணுக்கு இவை எரிச்சலூட்டும். அங்கே முதல் அலை வந்து மோதிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிடலாம். இங்கேயோ அலை சந்தடியில்லாமல் கிளம்பி, பெருத்து, அப்புறம் அடங்க மனமில்லாமல் இழுத்துக்கொண்டே போகும். 1969 நவம்பரில் அப்பல்லோ 12-இன் ஏறுகலத்தை, அதாவது வீரர்கள் தரையிலிருந்து மேலேறிவந்த பகுதியை, வேண்டுமென்றே நிலவில் மோதவிட்டபோது, அதிர்வு ஓய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. விண்கற்கள் இடித்து இடித்து மேலோடு நொறுங்கிக் கிடப்பதால் அலைகள் சிதறிச் சிதறி அலைகின்றன. பாறையில் நீர்ப்பசையும் இல்லை, ஆற்றலை உறிஞ்ச ஆளில்லை.

ஆழ்நடுக்கங்களைத் தேடுவது எனக்குத் தரப்பட்ட வேலை. 700 கி.மீ.க்கும் கீழே, அதே இடங்களில் திரும்பத் திரும்ப நிகழ்பவை அவை. பூமியின் ஈர்ப்பு நிலவைப் பிசையும் சுழற்சியை ஒட்டி, சுமார் 27 நாளுக்கு ஒரு முறை தலைகாட்டும். ஒரே இடத்திலிருந்து வருவதால் அலைவடிவமும் கிட்டத்தட்ட அச்சு அசல். பலவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் இரைச்சல் அமுங்கி உண்மையான அலை மேலெழும். 2011இல் ஒரு குழு பழைய பதிவுகளை இப்படி அடுக்கித்தான், நிலவின் நடுவில் 240 கி.மீ. ஆரமுள்ள திட உட்கருவும், அதைச் சுற்றி 330 கி.மீ. ஆரம் வரை உருகிய வெளிக்கருவும் இருப்பதாகக் கணித்தது.

சேர்ந்த நான்காம் மாதம் எனக்கும் ஒரு ‘புதிய’ இடம் அகப்பட்டது. அப்பல்லோ 15 நிலையத்தில் மாதந்தோறும் ஒரே சாயலில் வரும் சிறு அதிர்வுகள். மூன்று வாரம் ராப்பகலாக உட்கார்ந்து, வண்ணம் வண்ணமாகப் படம் வரைந்து, எங்கள் குழுத் தலைவரிடம் போனேன். அவர் படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

“இடைவெளி எத்தனை நாள்?”

“ஏறக்குறைய ஒரு மாதம், மேடம்.”

“ஏறக்குறையன்னா? 27ஆ, 29ஆ? சரி, மத்த ஸ்டேஷன்ல தெரியுதா?”

இருக்கைக்கு வந்து கணக்குப் போட்டேன். 29.5. சூரியன் நிலவில் ஒரு முறை உதித்து மறுபடி உதிக்க ஆகும் காலம். பகலில் 100 டிகிரி செல்சியசைத் தாண்டிக் காய்ந்து, இரவில் மைனஸ் 150க்கும் கீழே உறையும் தரை, விரிந்து சுருங்கி முறியும் சத்தத்தைத்தான் நிலவின் ஆழம் என்று நினைத்திருந்தேன். மற்ற நிலையங்களில் அதன் சுவடே இல்லை. முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது.

முறிந்தது தரைதான் என்றாவது ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தேன். 2023இல் அதற்கும் ஆட்டம் வந்தது. அப்பல்லோ 17 வைத்த கருவிகளின் எட்டு மாதப் பதிவை மறுபடி அலசியவர்கள், காலைதோறும் வந்த ஒரு வகை அதிர்வு, வீரர்கள் அங்கேயே விட்டுவந்த இறங்குகலத்திலிருந்தே கிளம்பியது என்று கண்டுபிடித்தார்கள். வெயில் ஏற ஏற உலோகம் நெட்டி முறித்திருக்கிறது!

இந்தத் துறையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இதே கதைதான். அப்பல்லோ 15, 17 பயணங்களில் மண்ணுக்குள் செருகிய வெப்பமானிகள் மெல்ல மெல்லச் சூடேறின. ஏன் என்பது பல பத்தாண்டுப் புதிர். காணாமற்போயிருந்த 1975ஆம் ஆண்டுப் பதிவு நாடாக்கள் கிடைத்து, 2018இல் விடை வந்தது. வீரர்கள் நடந்து கிளறியதில் அடியிலிருந்த கருமண் மேலே வந்து வெயிலைக் கூடுதலாக வாங்கியிருக்கிறது. சூடேற்றியது காலடித் தடம்!

வளிமண்டலம் பார்க்கும் நண்பரின் பாடு இன்னும் மோசம். நிலவின் மொத்தக் காற்றே பத்து டன் அளவுதான். அப்பல்லோ 17-இன் வாயு அளவிக்குப் பகலில் வேலையே ஓடவில்லை, பக்கத்துச் சாமான்கள் கக்கிய வாயு மூழ்கடித்தது. இரவில்தான் ஆர்கான்-40 பிடிபட்டது. நிலவின் உள்ளே பொட்டாசியம் சிதைந்து உருவாகிக் கசியும் வாயு அது. உள்ளே நடப்பதைப் பற்றி என் நெளிகோடுகளைவிட அவருடைய வாயு தெளிவாகப் பேசுகிறதோ என்று எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. தூசியைப் பார்ப்பவர்களுக்காவது நாசாவின் லாடி (LADEE) கலம் வாய்த்தது. அது 2013-14இல் சுற்றுப்பாதையிலிருந்து அளந்ததில், நிலவைச் சூழ்ந்த தூசி மேகம் முழுவதும் சேர்த்து 120 கிலோ அளவுதான்.

2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 இறங்கியபோது, அதன் அதிர்வுமானிப் பதிவுகள் இரண்டை வெளியிட்டார்கள். 25ஆம் தேதி ரோவர் நகர்ந்தது ஒன்று, 26ஆம் தேதி இயற்கையானதாகத் தோன்றிய அதிர்வு மற்றொன்று. மேடத்துக்கு அனுப்பிவிட்டு, பதில் வருவதற்குள் நானே உட்கார்ந்து யோசித்தேன். கருவி வேலை செய்தது ஒரே ஒரு நிலவுப் பகல். அடுத்த காலையில் கலம் கண்விழிக்கவில்லை. பக்கத்தில் வேறு நிலையமும் கிடையாது. 27ஆ, 29ஆ என்று கேட்க வழியே இல்லை.