தேர்வு நேரத்தில் காணாமல் போகும் ஃபைல்கள்: தேதியை வைத்துத் தேடுவது எப்படி?

டிஎன்பிஎஸ்சி, நீட், கல்லூரிச் சேர்க்கை என எதற்கு விண்ணப்பித்தாலும், விண்ணப்ப நகலும் பணம் கட்டிய ரசீதும் மாதக்கணக்கில் கழித்துத்தான் மறுபடி தேவைப்படும். அதற்குள் ஃபைலின் பெயர் மறந்துவிடும். பெரும்பாலும் அது வெறும் எண்களாகத்தான் இருக்கும். நினைவில் நிற்காத பெயரைத் தேடுவதை விட, கண்டுபிடிக்கக்கூடிய தேதியைத் தேடுவது மேல்.

அந்தத் தேதியை எங்கே எடுப்பது? கட்டணம் கட்டிய அன்று வங்கியிலிருந்து வந்த எஸ்எம்எஸ் போனில் இருக்கும். ஜிபே, போன்பே என்றால் பரிவர்த்தனைப் பட்டியலில் நிமிடம் வரை கிடைக்கும். அதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறங்கள்.

விண்டோஸில் விண்டோஸ் கீயும் இ-யும் சேர்த்து அழுத்தினால் எக்ஸ்ப்ளோரர் திறக்கும். முதலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குப் போங்கள். மொத்தக் கம்ப்யூட்டரிலும் தேடச் சொன்னால் பழைய ஹார்ட் டிஸ்க் திணறும். வலது மேல் மூலையில் உள்ள தேடல் பெட்டியில் டேட்மாடிஃபைட் (datemodified, ஃபைல் கடைசியாக மாறிய தேதி) என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் தட்டி, ஒட்டியே முக்காற்புள்ளி (:), தொடக்கத் தேதி, இரண்டு புள்ளி (..), முடிவுத் தேதி என்று கொடுங்கள். பணம் கட்டியது 13-11-2024 என்றால் 12-11-2024 முதல் 15-11-2024 வரை தேடுங்கள். முன்னும் பின்னும் ஒரு நாளாவது கூட விடுவது முக்கியம். இடைவெளி விட்டு, நட்சத்திரக் குறி, புள்ளி, பிடிஎஃப் என்று சேர்த்தால் படங்கள் ஒதுங்கிவிடும்.

ஒன்றுமே வரவில்லையா? கீழே கடிகாரத்தின் பக்கத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். 11/16 என்று மாதம் முன்னால் இருந்தால் அமெரிக்க முறை. அங்கே 05-03 என்று தட்டினால் மார்ச் 5 அல்ல, மே 3. நாள் 12-க்கு மேல் இருந்தால் தேடல் உடனே தோற்றுவிடும், தவறு தெரியும். 12-க்குள் இருந்தால் வேறு மாதத்து ஃபைலைக் காட்டி ஏமாற்றும். செட்டிங்ஸில் ரீஜன் பகுதிக்குப் போய் இங்கிலீஷ் இந்தியா என்று மாற்றினால் தீர்ந்தது.

அடுத்த சிக்கல், ஒரே ஃபைலுக்கு இரண்டு தேதி இருப்பது. பென் டிரைவிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டருக்கு காப்பி செய்தால் ‘டேட் கிரியேட்டட்’ காப்பி செய்த நாளாக மாறிவிடும். ‘டேட் மாடிஃபைட்’ பழையபடியே நிற்கும். குன்னூரில் பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்து, ஒரு வாரம் கழித்து வீட்டில் ஏற்றியவர் கிரியேட்டட் தேதியை நம்பினால் ஒரு வாரம் தள்ளித்தான் தேடுவார். விண்ணப்ப நாளைத் தேடும்போது மாடிஃபைட் தேதியையே நம்புங்கள். போட்டோவும் கையெழுத்தும் மட்டும் விதிவிலக்கு: கேபி அளவு குறைத்துச் சேமித்த அன்றைய தேதிதான் அவற்றில் இருக்கும்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் எடுத்த தேதி அழிந்திருக்கும். ஆனால் பெயரிலேயே வந்து சேர்ந்த தேதி இருக்கும். போனிலிருந்து ஏற்றிய படமென்றால் தேடல் பெட்டியில் 20241113 என்று வருடம், மாதம், நாள் ஒட்டித் தட்டுங்கள். கம்ப்யூட்டர் வாட்ஸ்அப்பில் சேமித்ததற்கு 2024-11-13 என்று கோடு போட்டுத் தட்டுங்கள்.

மலையில் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது கடிகாரம். ஆடி மழையில் கூடலூர், பந்தலூர் பக்கமும், ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரி, குன்னூர் பக்கமும் மரம் விழுந்து கரண்ட் போவது வழக்கம். டெஸ்க்டாப்பில் கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் செல்தான். பழைய கம்ப்யூட்டரில் அது தீர்ந்திருந்தால், கரண்ட் வந்து ஆன் செய்ததும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய் நிற்கும். அப்போது சேமித்த ஃபைலுக்கும் அந்தப் பழைய தேதியே விழும். நெட் கிடைத்து நேரம் சரியானாலும் ஃபைலின் தேதி திருந்தாது. ஃபோல்டரில் வியூ, டீடெய்ல்ஸ் கொடுத்து, டேட் மாடிஃபைட் தலைப்பைச் சொடுக்கி, மிகப் பழையது மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முந்தைய வருடத்தில் உங்கள் ரசீது உட்கார்ந்திருக்கும். பவர் வயரைக் கழற்றிவிட்டு செல்லை மாற்றுங்கள், மலிவான பொருள்தான்.

அரசு இலவச லேப்டாப் போல விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருந்தால், ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும்போது கடிகாரம் 5.30 மணி நேரம் தப்பக்கூடும். அதிகாலை 4 மணிக்குச் சேமித்தது முந்தைய நாள் இரவு 10.30 என்று பதிவாகும். முன்னும் பின்னும் ஒரு நாள் கூட விடச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

இத்தனைக்கும் கிடைக்காவிட்டால் ரீசைக்கிள் பின்னைத் திறந்து ‘டேட் டெலீட்டட்’ வரிசையில் பாருங்கள். ரைட் கிளிக் செய்து ரீஸ்டோர் கொடுத்தால் ஃபைல் பழைய ஃபோல்டருக்கே போய்விடும். அங்கே போய் விண்ணப்ப எண்ணைப் பார்த்து, சரியான வருடத்து ரசீதுதானா என்று உறுதிசெய்த பிறகு பிரிண்ட் எடுங்கள்.