பட்டாபிராம் பக்கம் வாடகைக்கு விட வீடு தேடுகிறீர்களா?

ஆவடியைத் தாண்டி இந்துக் கல்லூரி, பட்டாபிராம், திருநின்றவூர் ரயில் நிலையங்களின் வரிசையில் பழைய தனி வீடுகள் அபூர்வமாகத்தான் விற்பனைக்கு வருகின்றன. இணையத்தில் தென்படுவது பெரும்பாலும் நாலைந்து புரோக்கர்கள் மாற்றி மாற்றிப் போடும் ஒரே வீடுதான். நல்லது போர்டு மாட்டும் முன்பே வாய்வழியாகப் போய்விடும்.

முதலில் வாடகையை விசாரியுங்கள், விலையை அப்புறம். விற்பனை குறைந்த இடத்தில் விலை ஆளுக்கு ஆள் மாறும். வாடகையை எந்தத் தெருவிலும் கேட்டறியலாம். ஒரு கணக்கு: 60 லட்ச ரூபாய் வீடு, மாத வாடகை 14,000. வருஷத்துக்கு 1,68,000, அதாவது 2.8 சதவீதம். வீட்டுவரி, பராமரிப்பு, காலியாகக் கிடக்கும் மாதம் என்று இரண்டு மாத வாடகையைக் கழித்து, முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதத்தைப் போட்ட முதலோடு சேர்த்தால் 2.1 சதவீதம்தான் நிற்கும். அதே தெருவில் 75 லட்சத்துக்கு மூன்று போர்ஷன் உள்ள பழைய மாடி வீடு, போர்ஷனுக்கு 9,000 என்றால் செலவைக் கழிக்கும் முன் 4.3 சதவீதம். தேட வேண்டியது இந்த ரகத்தைத்தான்.

அடுத்து ஈ.சி., அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழ். வில்லங்கம் பார்க்க மட்டுமே இதைப் பயன்படுத்துகிறார்கள். விற்கக்கூடிய ஆளைத் தேடவும் இது உதவும். தமிழக அரசின் டிஎன்ஜிஐஎஸ் இணைய வரைபடத்தில் தெருவைத் தொட்டு சர்வே எண்ணை எடுங்கள். பதிவுத்துறைத் தளத்தில் அந்த எண்ணுக்குக் கடைசி இரண்டு மூன்று வருஷ ஈ.சி.யை இலவசமாகப் பார்க்கலாம். விடுதலைப் பத்திரம், பாகப்பிரிவினை, தான செட்டில்மென்ட் பதிவாகியிருக்கிறதா என்று கவனியுங்கள். அண்ணன் தம்பிகள் விட்டுக்கொடுத்து வீடு ஒருவர் பெயருக்கு வந்து, அவரும் வெளியூரில் இருந்தால் விற்க வாய்ப்பு அதிகம். கிரயத் தொகையை அப்படியே நம்ப வேண்டாம், பல பத்திரங்கள் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை ஒட்டியே எழுதப்படும். கிரயம் பதிவான கையோடு கடனுக்காகப் பத்திரத்தை வங்கியிடம் அடமானமாக ஒப்படைத்ததும் பதிவாகியிருந்தால், அந்த விலை நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

இதில் ஒரு வழுக்கல் உண்டு. புது உட்பிரிவு எண்ணைக் கொடுத்தால் பழைய பதிவுகள் வராமல் ‘வில்லங்கம் இல்லை’ என்று காட்டலாம். பழைய கிராம சர்வே எண், நகர சர்வே எண் இரண்டிலும் போட்டுப் பாருங்கள்.

பிறகு தெருவில் இறங்குங்கள். பூட்டிய வீடு எது, ஏன் என்பது இஸ்திரி வண்டிக்காரருக்கும் தண்ணீர் கேன் போடுபவருக்கும் தெரியும். அவர்கள் மூலம் வீடு அமைந்தால் புரோக்கருக்குக் கொடுப்பதில் ஒரு பங்காவது அவர்களுக்குக் கொடுங்கள்; அடுத்த வீட்டுக்கும் அழைப்பு வரும். நாலு ஏரியா சுற்றுவதைவிட ஒரே ஏரியாவில் முகம் தெரிந்தவராக இருப்பதே பலன் தரும்.

வங்கி ஏலம் இன்னொரு வழி. வங்கிகள் ஏலம் விடும் வீடுகளைப் பேங்க்நெட் தளத்தில் தேடலாம். ஏலம் கிடைத்ததும் முன்பணத்தையும் சேர்த்து 25 சதவீதம் உடனே கட்ட வேண்டும், மீதி பொதுவாக 15 நாளில். அறிவிப்பில் ‘குறியீட்டு சுவாதீனம்’ (வீடு காகித அளவில் மட்டுமே வங்கி வசம்) என்று இருந்தால் உள்ளே ஆள் இருக்கக்கூடும், சாவி கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். வாடகையை நம்பி மாதத் தவணை கட்டுபவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால், 50 லட்சம் அல்லது அதற்கு மேல் விலைக்குப் பிடிக்கும் வழக்கமான 1 சதவீத டிடிஎஸ் (வாங்குபவர் விலையில் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) அங்கே செல்லாது. விகிதம் அதிகம், பிடிக்கும் பொறுப்பு உங்களுடையது. ஆடிட்டரைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

குடியிருப்பவர்கள் இருக்கும் வீடென்றால் வாடகையை அவர்களிடமே தனியாகக் கேளுங்கள். விற்பவர் சொல்வது பல சமயம் தண்ணீருக்கும் கரண்டுக்கும் வாங்குவதையும் சேர்த்த தொகை. அவர்கள் கொடுத்து வைத்திருக்கும் அட்வான்ஸ் பழைய உரிமையாளரிடம் இருக்கும், நாளை திருப்பித் தர வேண்டியவர் நீங்கள். கிரயத்தன்றே அதை விலையில் கழித்து, எழுத்திலும் வாங்கிக்கொள்ளுங்கள்.