காலா அசாருக்கு மாத்திரை தேடிய கதை

முனைவர் பட்ட ஆய்வில் என் வேலை, காலா அசாருக்கு வாய்வழியே கொடுக்கக்கூடிய புது மூலக்கூறுகளைச் செய்வது. மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மேனியா ஒட்டுண்ணியால் வரும் நோய் இது. இந்தியாவில் அதிகம் அவதிப்பட்டது பீகார். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் உயிர் போய்விடும்.

மருந்தே இல்லையா என்றால், இருக்கிறது. ஆன்டிமனி ஊசி பீகாரில் பலிக்காமல் போய்விட்டது. ஆம்போடெரிசினை நரம்பில்தான் ஏற்ற வேண்டும். வாய்வழி மருந்து என்றால் மில்டெஃபோசின் ஒன்றுதான். புற்றுநோய்க்காகத் தேடிய சரக்கு அது. 2002-இல் இந்தியாவில் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது. கருவைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க முடியாது.

முதல் சோதனை, ஒட்டுண்ணி ஈயின் குடலில் வாழும்போது இருக்கும் வடிவத்தின் மேல். நீளமாக, வாலாட்டி நீந்தும். அதைக் கொல்வது பெரிய விஷயமே இல்லை. எங்கள் மூலக்கூறுகளில் பல கொன்றன. கட்டுரை எழுத அது போதும், மருந்துக்குப் போதாது. மனித உடலில் ஒட்டுண்ணி உருண்டையாகி, கிருமிகளை விழுங்குவதற்கென்றே இருக்கும் மேக்ரோஃபேஜ் செல்லுக்குள் குடியேறிவிடுகிறது. திருடன் போலீஸ் ஸ்டேஷனிலேயே வாடகைக்கு இருக்கிற மாதிரி. மருந்து செல்லின் சவ்வு, உள்ளே இருக்கும் அமிலப் பையின் சவ்வு, ஒட்டுண்ணியின் சவ்வு என மூன்றையும் தாண்டியாக வேண்டும். செல்லுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியின் மேல் செய்த அடுத்த சோதனையில்தான் எங்கள் பட்டியல் கரைந்தது. ஜீம்சா சாயமேற்றிய தகடுகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்து எண்ணினால், சிலவற்றில் ஒட்டுண்ணி செத்திருக்கும், கூடவே செல்லும் செத்திருக்கும். அது மருந்தில்லை, விஷம்.

தப்பியவற்றுக்கு அடுத்த வில்லன் கல்லீரல். அதன் நொதிகள் மூலக்கூறைச் சீக்கிரமே உடைத்துவிட்டன. உடைகிற இடத்தில் ஃபுளோரின் வைத்தோம், தாங்கியது. ஆனால் தண்ணீரில் கரைய மறுத்தது. பென்சீன் வளையத்தை எடுத்துவிட்டு நைட்ரஜன் உள்ள பிரிடின் வளையத்தைப் போட்டதும் கரைந்தது; கொல்லும் திறன் குறைந்தது. நைட்ரோ தொகுதியைச் சேர்த்தால் திறன் ஏறும், ஆனால் மரபணுவைக் கெடுக்குமோ என்று ஏம்ஸ் சோதனைக்குப் போக வேண்டும். நைட்ரோ உள்ள ஃபெக்ஸினிடசோல் என்ற மருந்து 2018-இல், ஒட்டுண்ணியால் வரும் ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு ஐரோப்பிய மருந்து முகமையின் ஆதரவான கருத்தைப் பெற்றது. அதே மருந்து சூடானில் காலா அசார் நோயாளிகளிடம் எடுபடவில்லை.

கடைசியில் எங்கள் மூலக்கூறுகளில் ஒன்று, எலி மாதிரியான ஹாம்ஸ்டரில் செய்யும் சோதனை வரை போனது. மண்ணீரலில் ஒட்டுண்ணி நன்றாகக் குறைந்தது. அப்புறம் மருந்தை நிறுத்திச் சில வாரம் கழித்துப் பார்த்தால், மறுபடி ஏறியிருந்தது. அந்த மூலக்கூறு வரிசையை அத்தோடு மூடினோம். தோற்றவை உட்பட எல்லாத் தரவும் என் ஆய்வேட்டு அட்டவணையில் இருக்கிறது. இந்த வரிசையைத் தொட நினைப்பவர்கள் முதலில் கரைதிறன் எண்களைப் பார்த்துவிடுங்கள்.